டக்ஸ் பெயின்ட்டில் ஒரு பனங்காய்

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கட்டற்ற மென்பொருளைப் பற்றி எப்படிச் சொன்னாலும் கொட்டாவி விடுகிறார்கள் என்று ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். உரிமம், மூலநிரல் என்று ஆரம்பித்தால் பெரியவர்களுக்கே கொட்டாவி வரும். அதற்குப் பதில் ‘டக்ஸ் பெயின்ட்’டைத் திறந்து கொடுங்கள் டீச்சர்.

அமெரிக்க நிரலாளர் பில் கென்ட்ரிக் 2002-இல் குழந்தைகளுக்காகத் தொடங்கிய ஓவிய மென்பொருள் இது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும், பழைய கணினியே போதும், காசு கிடையாது. தூரிகையும் வண்ணமும் மாயக் கருவிகளும் பிள்ளைகளுக்குத் தாமாகவே பிடிபட்டுவிடும்.

எனக்கு இதில் உயிர், முத்திரைகள்தான். ஒரு முத்திரையைத் தேர்ந்தெடுத்தால் அதற்குரிய ஒலி கேட்கும், அடியில் விளக்கம் தெரியும், தாளில் சொடுக்கினால் படம் பதியும். உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் கோப்புறையில் கிடக்கும் சாதாரணக் கோப்புகள். பின்னணி நீக்கிய பிஎன்ஜி படம் ஒன்று. அதே பெயரில் ஓர் உரைக்கோப்பு. முதல் வரியில் ஆங்கில விளக்கம், கீழே மற்ற மொழிகளுக்கு ஆளுக்கொரு வரி. அதே பெயரில் ஓர் ஒலிக்கோப்பு. அவ்வளவே.

ஒருத்தி பனங்காயை வரைந்து, ஃபோனில் படமெடுத்து, ‘ஜிம்ப்’ என்ற பட மென்பொருளில் பின்னணியை அழிக்கட்டும். இன்னொருத்தி தமிழ் வரியை எழுதட்டும். பனங்காய் விழும் ‘தொப்’பை ஒரு பையன் வாயாலேயே ‘ஒடாசிட்டி’ என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதியட்டும். மூன்றையும் கோப்புறையில் போட்டு, மென்பொருளை மூடித் திறந்தால் பனங்காயும் ஒரு முத்திரை! பென் டிரைவில் பக்கத்துப் பள்ளிக்குக் கொடுங்கள். அவர்கள் நுங்கைச் சேர்த்துத் திருப்பித் தரட்டும். டக்ஸ் பெயின்ட்டுக்குரிய குனு பொது உரிமத்தை அதன்பிறகு சொல்லுங்கள்: எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம், பகிரும்போது அதே உரிமையை அடுத்தவருக்கும் கொடுக்க வேண்டும்.

எத்தனையோ பள்ளிகளில் கணினி அறை பூட்டியே கிடக்கிறது. திறந்தாலும் முதல் பாடம் ‘எதையும் தொடாதே’. எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர் செயினைக் கழற்றி மாட்ட விட்டதால்தான் எனக்குச் சைக்கிள் விளங்கியது. பார்க்க மட்டும் விட்டால் பிள்ளைகள் எதைக் கற்பார்கள்? கணினி கெட்டுவிடும் என்று பயப்படும் பொறுப்பாளரிடம் இதைச் சொல்லுங்கள்: பிள்ளையின் சொந்தக் கணக்கிலேயே தனி முத்திரைக் கோப்புறை வைத்துக்கொள்ளலாம். நிர்வாகிக் கடவுச்சொல்லே தேவையில்லை.