திரைக்குப் பின்னால் ஒரு நகைச்சுவை: 'ஃபிரண்ட்லைன்' தொடரும் செய்தியின் மெய்ம்மையும்

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கின்வழிப் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படுத்தியவரும் அவரே. வெளிப்படையாகப் பழிப்பது முன்னது. பழியை மறைத்துக் கூறுவது பின்னது. பின்னதற்கு எடுத்துக்காட்டாக, அதியமானின் தூதாகச் சென்ற ஔவை தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் புகழ்வது போலப் பழித்த புறப்பாட்டையே நான் வகுப்பில் கூறி வந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடரைக் காண நேர்ந்தது முதல், அதனையும் உடன் சேர்த்துக் கூறி வருகின்றேன்.

தொடரின் பெயர் 'ஃபிரண்ட்லைன்'. நம் நாட்டு ஆங்கில இதழ் ஒன்றிற்கும் இப்பெயர் உண்டு, இரண்டிற்கும் தொடர்பில்லை. ராப் சிட்ச், சான்டோ சிலாரோ, டாம் கிளைஸ்னர், ஜேன் கென்னடி ஆகிய நால்வர் கூடி உருவாக்கிய இத்தொடர், ஏபிசி எனப்படும் ஆஸ்திரேலியப் பொதுத்துறைத் தொலைக்காட்சியில் 1994, 1995, 1997 ஆகிய ஆண்டுகளில் மூன்று பருவங்களாக ஒளிபரப்பாயிற்று. பருவத்திற்குப் பதின்மூன்றாக மொத்தம் 39 பகுதிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரைமணி நேரம். விளம்பர வருவாயை நம்பி வாழாத அலைவரிசை ஒன்றில்தான், அவ்வருவாயையே உயிர்மூச்சாகக் கொண்ட தனியார் அலைவரிசைகளை இவ்வளவு கூர்மையாக நகையாட முடிந்தது என்பதும் கருதத்தக்கது.

தொலைக்காட்சியே தன்னைத் தான் நகையாடிக்கொள்வது புதிதன்று. அமெரிக்காவில் 1961 முதல் 1966 வரை வந்த 'டிக் வான் டைக் ஷோ', நகைச்சுவை நிகழ்ச்சி எழுதுவோரின் அலுவலகத்தைக் காட்டியது. 1970 முதல் 1977 வரை வந்த 'மேரி டைலர் மூர் ஷோ' ஒரு சிறு செய்திக்கூடத்தைக் களமாகக் கொண்டது. இங்கிலாந்தின் 'டிராப் தி டெட் டாங்கி'யில் வரும் செய்தியாளன் ஒருவன், பேரிடர் நிகழ்ந்த இடங்களிலெல்லாம் குழந்தையின் கரடிப் பொம்மை ஒன்றைத் தானே கொண்டுபோய் இடிபாட்டில் வைத்துப் படம் பிடிப்பான். சிரிப்பை வரவழைத்துப் பின் தொண்டையில் அடைக்கும் காட்சி அது. எனினும், செய்தி 'செய்யப்படும்' முறையைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டியதில் 'ஃபிரண்ட்லைன்' தனித்து நிற்கின்றது என்பது என் துணிபு.

கதைக்களம், மாலைதோறும் ஒளிபரப்பாகும் ஒரு நடப்புச் செய்தி நிகழ்ச்சியின் அலுவலகம். அதன் தொகுப்பாளர் மைக் மூர். இப்பாத்திரத்தை ராப் சிட்சே ஏற்றார். தம்மைச் சிறந்த பத்திரிகையாளர் என மெய்யாகவே நம்பும் பேதை அவர். ஒவ்வொரு செய்தித் தொகுப்பும் முடிந்தவுடன் நெற்றியைச் சுருக்கி "ஹ்ம்ம்" என்று ஓர் ஒலி எழுப்புவார். அவருடைய சிந்தனை முழுவதும் அவ்வொலியில் அடங்கிவிடும். புகழ் தேடும் புரூக், பழுத்த குறுக்குவழிக்காரரான மார்ட்டின் ஆகியோர் செய்தியாளர்கள். தயாரிப்பாளர்களுள் ஒருவரான எம்மா வார்ட், 'இது முறையா?' என அவ்வப்போது கேட்பவர். மைக்கை நண்பராக மதிக்கும் ஒரே மனிதர், வானிலை கூறும் ஜெஃப்ரி.

இவர்களுக்கெல்லாம் மேலே தலைமைத் தயாரிப்பாளர். முதற்பருவத்தில் பிரையன் என்னும் அப்பாத்திரத்தில் நடித்தவர் நியூசிலாந்து நடிகர் புரூனோ லாரன்ஸ். அவர் 1995-இல் காலமானார். இரண்டாம் பருவத்தில் வேறொருவர், மூன்றாம் பருவத்தில் மற்றொருவர் எனத் தலைமைத் தயாரிப்பாளர் மாறிக்கொண்டே இருந்தார். நாற்காலியில் அமர்ந்த ஆள் மாறினாரே தவிர, நாற்காலி செய்த வேலை மாறவில்லை. ஆசிரியர்கள் இதனைத் திட்டமிட்டே செய்தார்களா என்பது வேறு. பொருள் என்னவோ ஆழமாகவே அமைந்துவிட்டது.

பெரும்பாலான பகுதிகளில் ஒரே நிகழ்வு மீண்டும் மீண்டும் வரும். ஒரு செய்தித் தொகுப்பு முறையற்றது என மைக்கிற்குத் தோன்றும். அறச்சினத்தோடு தலைமைத் தயாரிப்பாளரின் அறைக்குள் நுழைவார். அவரோ மறுத்துப் பேசமாட்டார். 'நீங்கள் சொல்வது முற்றிலும் சரி' எனத் தொடங்கி, மைக்கின் தற்பெருமையை மெல்லத் தடவிக் கொடுத்து, இரண்டே நிமிடத்தில் அச்செய்தியை ஒளிபரப்புவதே பத்திரிகை அறம் என அவரையே சொல்லவைத்து வெளியே அனுப்புவார். ஔவையின் புகழ்ச்சியில் பழிப்பு ஒளிந்திருந்தது. இங்கே புகழ்ச்சியில் தூண்டில் ஒளிந்திருக்கின்றது. பொய் சொல்ல வேண்டும் என அவ்வறையில் யாரும் ஒருபோதும் கூறுவதில்லை என்பதே இத்தொடரின் உயிர்நிலை. ஒருவர் வினாவைச் சற்றே மாற்றுவார். ஒருவர் விடையில் பாதியை வெட்டுவார். ஒருவர் சோக இசையைச் சேர்ப்பார். ஒவ்வொருவரும் செய்வது சிறிது. எல்லாம் கூடினால் ஒரு முழுப் பொய்.

இவற்றுள் ஒரு நுட்பத்தை மாணவர் அறிய விளக்குவது நலம். வெளியிடங்களில் நேர்காணல் எடுக்கும்போது பெரும்பாலும் ஒரே ஒரு கேமராதான் இருக்கும். அது விடையளிப்பவரை நோக்கியிருக்கும். அவர் சென்ற பின், வெற்று நாற்காலியை நோக்கிச் செய்தியாளர் தலையசைப்பதையும், புருவம் உயர்த்துவதையும், அதே வினாக்களை மீண்டும் கேட்பதையும் தனியே படம் பிடிப்பர். இரண்டையும் ஒட்டினால் உரையாடல் ஆகிவிடும். இதில் தன்னளவில் குற்றமில்லை. ஆனால் மறுமுறை கேட்கும் வினா சற்றுக் கடுமையானால், முன்னர் அமைதியாகச் சொன்ன விடை மழுப்பலாக மாறிவிடும். தலையசைப்பு ஐயப் பார்வையானால் நேர்மையாளரும் குற்றவாளி போலத் தோன்றுவார். ஒரு சொல்லும் திருத்தப்படவில்லை; பொருளோ தலைகீழாயிற்று.

காட்சியமைப்பிலும் இக்கருத்தே பேசுகின்றது. அலுவலகக் காட்சிகள் கையில் ஏந்திய சிறு வீடியோ கேமராவால் எடுக்கப்பட்டவை. படம் ஆடும், ஒளி மங்கும். ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியோ தெளிவாக, நிலையாக, ஒளிமயமாக இருக்கும். மங்கலாகத் தெரிவது மெய், பளிச்சிடுவது புனைவு. பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. எங்கே சிரிப்பது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும்.

கதைகள் வானத்திலிருந்து குதித்தவையும் அல்ல. 1993-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் காங்காய் என்னும் ஊரில், ஆயுதம் தாங்கியோர் ஒரு பண்ணைவீட்டில் சிறுவர்களைப் பிணையாக வைத்திருந்தனர். முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு தனியார் அலைவரிசையின் தொகுப்பாளர் அவ்வீட்டிற்குத் தொலைபேசியில் பேசி, அக்குழந்தைகளிடமே வினாக்கள் கேட்டார். நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. மறு ஆண்டே 'முற்றுகை' என்னும் பகுதி 'ஃபிரண்ட்லைன்' தொடரில் வந்தது.

இரண்டாம் பருவத்துப் பகுதி ஒன்றின் தலைப்பைத் தமிழில், 'சமூகத்தை வகுத்திடு, பார்வையாளரைப் பெருக்கிடு' எனலாம். வகுத்தலும் பெருக்கலும் என்ற கணக்குச் சொற்களில் ஒரு தொழிலின் இலக்கணமே அடங்கிவிட்டது. அத்தலைப்பைக் கண்டபோது என்னால் சிரிக்க இயலவில்லை. எங்கள் ஊரில் ஒருமுறை ஒரு சிறு பூசல் நிகழ்ந்தது. ஜமாஅத் பெரியவர் ஒருவர் வந்திருந்த தொலைக்காட்சியாரிடம் ஏறத்தாழ அரைமணி நேரம் பொறுமையாக அமைதியின் தேவையைப் பேசினார். இடையில், தெருவில் கூச்சலிட்ட இளைஞர்களை அதட்டுவதற்காக ஒருமுறை குரலை உயர்த்தினார். இரவில் ஒளிபரப்பானது அந்த ஓர் அதட்டல் மட்டுமே. அவர் யாரை அதட்டினார் என்பது காட்டப்படவில்லை. 'நான் பேசியதைத்தானே காட்டினார்கள்' என்று அப்பெரியவர் மறுநாள் தொழுகைக்குப் பின் என்னிடம் கூறியது இன்றும் செவியில் உள்ளது. குறை சொல்லவும் அவருக்கு வழியில்லாமற் போயிற்று.

செய்தியை மட்டுமன்றி அதைக் கொண்டுவருபவரையும் ஆராய வேண்டும் என்பது நம் மரபில் புதிதன்று. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை நோக்காமல் எச்செய்தியும் ஏற்கப்படுவதில்லை. அறிவிப்பாளரின் நாணயம், நினைவாற்றல், அவர் யாரைச் சந்தித்தார், எப்போது வாழ்ந்தார் என்பவற்றை ஆய்வதற்கென்றே 'அஸ்மாவுர் ரிஜால்' எனத் தனித்துறை வளர்ந்தது. தொலைக்காட்சிச் செய்தியில் நமக்குத் தெரியும் அறிவிப்பாளர் மைக் மூர் ஒருவர் மட்டுமே. தொடரின் ஏனைய கண்ணிகள் கண்ணாடி அறைகளுக்குள் உள்ளன. 'ஃபிரண்ட்லைன்' அக்கண்ணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் காட்டுகின்றது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இத்தொடரைப் பள்ளி இறுதி வகுப்பின் ஆங்கிலப் பாடத்தில், 'உண்மை சொல்லுதல்' என்னும் பிரிவில் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் பாடநூலாகவே வைத்திருந்தது. ஷேக்ஸ்பியரைப் பயிலும் மாணவர்கள் மைக் மூரையும் பயின்றனர்.

இதழியல் பயிலும் நம் மாணவர்க்கு இதன் பகுதிகள் இரண்டைத் திரையிட்டுக் காட்டினேன். மொழி வேறு, நாடு வேறு எனினும் சிரிப்பு உரிய இடங்களில் எழுந்தது. முடிந்ததும் ஒரு மாணவி கேட்டார்: "ஐயா, எம்மாவுக்கு எல்லாம் தெரிகிறதே, அவர் ஏன் வேலையை விடவில்லை?" எம்மா மூன்று பருவங்களிலும் அங்கேதான் இருக்கின்றார் என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர், "மாதம் பிறந்தால் வாடகை கொடுக்க வேண்டாமா?" என்றார். அம்மாணவி விடவில்லை, "அவரும் போய்விட்டால், அந்த அறையில் 'இது முறையா' என்று கேட்க யார் இருப்பார்கள், அதற்காகத்தான் இருக்கிறாரோ?" என்று தம் வினாவிற்குத் தாமே ஒரு விடையை வைத்தார். "கேட்டு என்ன பயன், ஒளிபரப்பாகிவிட்டதே" என்றார் அவர். மணி அடித்து மற்றவர்கள் எழுந்து சென்ற பின்னும் அவ்விருவரின் வாதம் நடந்துகொண்டிருந்தது.