தறிப்பட்டறையில ஒரு கரன்ட் கணக்கு!

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் போனா திரும்பின இடமெல்லாம் தறிச் சத்தம்தான். விசைத்தறிக்கு 2 மாசத்துக்கு 750 யூனிட்டா இருந்த இலவச மின்சாரம், 2023-ல் 1,000 ஆச்சு. அதைத் தாண்டினா தறிக்காரர் பர்ஸ் பழுத்துடும்!

ஃபைனல் இயர் புராஜெக்ட் தேடுற பசங்களா? லீவு நாள்ல பட்டறைக்குப் போங்க. லைட்டை மட்டும் போட்டுட்டு, மீட்டர்ல சிவப்பு விளக்கு சிமிட்டுறதை எண்ணுங்க. யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல்னு மீட்டர் மேலயே அச்சடிச்சிருக்கும். பழைய டியூப்லைட் சோக்கோட சேர்த்து சுமார் 55 வாட் குடிக்கும், எல்.இ.டி.க்கு 20 போதும். 10 விளக்கு, தினம் 10 மணி நேரம்னா 2 மாசத்துல 210 யூனிட் மிச்சம்!

அடுத்து மோட்டார். பல பட்டறைகள்ல தறி நின்னாலும் அது சும்மா சுத்திட்டிருக்கும். இழை அறுந்ததுக்கெல்லாம் ஆஃப் பண்ணச் சொல்லாதீங்க, அண்ணன் முறைப்பார்! பாவு தீர்ந்து தறி மணிக்கணக்கா நிக்கும்போது சொல்லுங்க.