அயலவர் சொல்லும் விற்பனையாளர் சொல்லும்

தையல் இயந்திரமோ பிள்ளைக்குப் பால்மாவோ, எதை வாங்க நினைத்தாலும் நாம் விளம்பரத்தோடு நின்றுவிடுவதில்லை. ராத்தாவிடம் கேட்கிறோம், பக்கத்து வீட்டாரிடம் விசாரிக்கிறோம். இது ஏன்?

இதற்கு விடை தரும் பழைய ஆய்வொன்று உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்து விவசாயிகளுக்கு 1928 அளவில் கலப்பினச் சோள விதை அறிமுகமானது. விளைச்சல் கூடுதல், ஆனால், ஆண்டுதோறும் புதிய விதையை விலை கொடுத்து வாங்க வேண்டும். பிரைஸ் றையன், நீல் குரொஸ் ஆகிய இருவர் அங்குள்ள இரு ஊர்களைச் சேர்ந்த 259 விவசாயிகளிடம் விசாரித்து, 1943 இல் தமது முடிவுகளை வெளியிட்டனர். இந்த றையனே பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் சமூகவியல் பேராசிரியராகவும் விளங்கினார்.

அவர்கள் கண்டது என்ன? ஏறத்தாழ அரைவாசிப்பேர் அவ்விதையைப் பற்றி முதலில் கேள்விப்பட்டது விற்பனையாளரிடம். ஆயினும், கேட்டவுடன் வயல் முழுவதும் விதைத்துவிடவில்லை. சிறு துண்டு நிலத்தில் பரீட்சித்தனர். பலர் வருடக்கணக்கில் பொறுத்திருந்தனர். பிந்தியவர்களை முடிவெடுக்கச் செய்தது பெரும்பாலும் அயலவரின் அனுபவமே. செய்தியைக் கொண்டுவந்தவர் விற்பனையாளர். நம்பிக்கையைத் தந்தவர் அயலவர்.

அந்த நம்பிக்கைக்கு நியாயமிருந்தது. அயலவர் தாமே விதைத்தவர். அவரது வயல் கண்முன்னே கிடந்தது. விதை விற்பதால் அவருக்கு எந்த இலாபமும் இல்லை.

இன்று வாட்ஸ்அப்பில் வரும் சிபாரிசுகளில் இவை இருக்கின்றனவா? சாச்சியின் பெயரில் வரும் மருந்துச் செய்தியைச் சாச்சி வேறெங்கோ பெற்று அனுப்பியிருப்பார். அம்மருந்தை அவர் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார். சொல் விற்பனையாளருடையது; முகம் மட்டுமே உறவினருடையது.

பிரமிட் திட்டங்கள் இதைவிட ஒரு படி மேலே செல்கின்றன. பணம் கட்டிச் சேர்ந்தவர் மேலும் பலரைச் சேர்த்தால்தான் வருமானம். அவர் முதலில் போவது மச்சானிடமும் கூட்டாளியிடமுமே. இறுதியில் சேர்ந்தோர் பணத்தை இழக்கின்றனர், உறவும் முறிகிறது. இத்தகைய திட்டங்கள் இலங்கையில் வங்கிச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டவை. மத்திய வங்கியும் அவற்றின் பெயர்களை வெளியிட்டு எச்சரித்து வருகிறது.

எனவே, உறவினரிடம் கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை. சரியாகக் கேட்க வேண்டும். நீங்களே பாவித்தீர்களா? எவ்வளவு காலம்? நான் வாங்கினால் உங்களுக்கு ஏதும் கிடைக்குமா? இம்மூன்றையும் முகம் கோணாமல் கேட்கலாம்.

நம்மிடம் பிறர் கேட்கும்போதும் இதே அளவுகோல்தான். பாவித்திருந்தால் குறை நிறை இரண்டையும் சொல்வோம். இல்லையேல் தெரியாது என்போம். ஆலோசனையும் ஓர் அமானிதமே.