பொருந்தாத பதிப்புகளும் பழி சுமக்கும் தரவும்

ஒரு நிரலின் நினைவகத்தில் உள்ள விவரங்களை மற்றொரு நிரலுக்கு அனுப்ப வேண்டுமானால், அவற்றை அனுப்பத்தக்க வடிவமாக, பெரும்பாலும் எழுத்துகளாலான சரமாக, மாற்றியாக வேண்டும். இதற்கு இன்று பரவலாக வழங்கும் வடிவம், டக்ளஸ் கிராக்ஃபோர்ட் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வரையறுத்துப் பரப்பிய ஜேசான் ஆகும். வந்து சேர்ந்த சரத்தைப் பிரித்துப் படித்து, நிரல் கையாளத்தக்க பொருளாக மீட்டெடுப்பது டீசீரியலைசேஷன் எனப்படும். ஜாவா மொழியில் இப்பணியைப் பெரும்பாலும் ஜாக்சன் என்னும் லைப்ரரி, அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பு, செய்கிறது.

ஜாக்சன் ஒரே துண்டாக வருவதில்லை. எழுத்துகளைப் படித்துப் பிரிக்கும் கோர், எந்தப் பெயர் எந்தப் புலத்துக்கு உரியது என்பது போன்ற குறிப்புகளைத் தாங்கும் அனோட்டேஷன்ஸ், பொருளை உருவாக்கித் தரும் டேட்டாபைண்ட் ஆகிய மூன்றும் தனித்தனிக் கோப்புகள். ஜாக்சனின் இரண்டாம் பதிப்பு வரிசையில் இவற்றின் பதிப்பெண்ணில் முதல் இரு எண்களும் ஒத்திருக்க வேண்டும். ஆனால் ஒரு திட்டம் பயன்படுத்தும் வேறு பல லைப்ரரிகளும் ஜாக்சனின் வெவ்வேறு பதிப்புகளைத் தம்முடன் இழுத்து வருகின்றன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மேவன் என்னும் கட்டமைப்புக் கருவி, பதிப்பின் புதுமையைப் பார்ப்பதில்லை. சார்புக் கிளைகளில் திட்டத்துக்கு மிக அருகில் இருப்பதையே எடுத்துக்கொள்கிறது. இதனால் புதிய டேட்டாபைண்டுக்குப் பழைய கோர் துணையாக அமைந்துவிடக்கூடும்.

இந்தப் பிழை கம்பைல் செய்யும்போது அகப்படுவதில்லை. ஏனெனில் லைப்ரரிகள் வேறிடத்தில், வேறு பதிப்புகளோடு முன்பே கம்பைல் செய்யப்பட்டவை. ஒரு செயற்கூறு முதன்முதலில் அழைக்கப்படும் கணத்தில்தான் அது இல்லாதது தெரியவந்து, ‘நோ சச் மெத்தட் எரர்’ எழுகிறது. அந்தக் கணம் பெரும்பாலும் ஜேசானைப் படிக்கும் கணமாகவே இருப்பதால் பழி தரவின் மீது விழுகிறது. குற்றமற்ற தரவை வரிவரியாக ஆராய்வதில் நாள்கள் வீணாகின்றன. பிழையின் பெயரை முதலில் வாசித்தாலே இந்த வீண் உழைப்பைத் தவிர்க்கலாம். ‘அன்ரெக்கக்னைஸ்டு பிராப்பர்ட்டி’ என்று வந்தால் தரவும் அதை ஏற்க வேண்டிய ஜாவா வகுப்பும் பொருந்தவில்லை எனலாம். செயற்கூறோ வகுப்போ காணப்படவில்லை என்று வந்தால் பதிப்புகளையே முதலில் ஐயுற வேண்டும்.

பெருந்தரவுகளைக் கையாளும் அப்பாச்சி ஸ்பார்க்கில் இந்தச் சிக்கல் நன்கு அறியப்பட்டது. ஸ்பார்க் தனக்கென ஜாக்சனை வைத்திருப்பதோடு, ஸ்காலா மொழிக்கான இணைப்பையும் அதனுடன் பூட்டுகிறது. அந்த இணைப்பு டேட்டாபைண்டின் பதிப்பைச் சோதித்து, ஒவ்வாவிட்டால் ‘இன்கம்பாட்டிபிள் ஜாக்சன் வெர்ஷன்’ என்று தெளிவாகவே மறுக்கிறது. ஸ்பார்க் தன் உள்வேலைக்கே ஜேசானைப் பயன்படுத்துவதால், ஜேசான் கோப்பு எதையும் தொடாத பயனரும் இதில் சிக்குகிறார். மேலும், தொடக்க நிலையிலேயே தோல்வியுற்ற வகுப்பை ஜாவா மறுபடியும் தொடங்கிப் பார்ப்பதில்லை. அடுத்தடுத்த முறைகளில் ‘வகுப்பைத் தொடங்க இயலவில்லை’ என்ற மங்கலான செய்தியே முன்னிற்கிறது. ஆகவே பிழைப்பதிவின் கடைசி வரியைவிட, முதன்முதலில் தோன்றிய பிழையைத் தேடிப் படிப்பதே பயன் தரும்.

பதிப்புகளே காரணம் என்று ஐயுற்றால், மேவனின் ‘டிபென்டன்சி ட்ரீ’ கட்டளை எந்தப் பதிப்பு எந்த வழியாக நுழைந்தது என்பதை மரவடிவில் காட்டும். அதன்பின் ‘பாம்’ எனப்படும் பதிப்புப் பட்டியலைத் திட்டத்தில் சேர்த்தால் ஜாக்சனின் எல்லாப் பகுதிகளும் ஒரே வரிசைக்கு வந்துவிடும். ஸ்பார்க்கிலோ, இயங்கும் இடத்தில் ஏற்கெனவே உள்ள பதிப்பே முந்திக்கொள்ளலாம். அதற்கேற்பத் திட்டத்தின் பதிப்பை மாற்ற வேண்டும், அல்லது ‘ஷேடிங்’ முறையில் தன் ஜாக்சனின் தொகுதிப் பெயரை மாற்றித் தனியே பொதிந்துகொள்ள வேண்டும்.

2025இல் வெளிவந்த ஜாக்சன் 3, அனோட்டேஷன்ஸ் நீங்கலான பகுதிகளின் தொகுதிப் பெயரையே மாற்றிக்கொண்டதால், அது இரண்டாம் பதிப்போடு மோதாமல் ஒரே திட்டத்தில் இருக்க முடிகிறது. ஆயினும் அறியாத பெயர் வந்தால் இரண்டாம் பதிப்பு இயல்பாகப் பிழை காட்டுகிறது. மூன்றாம் பதிப்போ அதை ஓசையின்றித் தள்ளிவிடுகிறது. மாறிச் செல்வோர், அறியாத பெயரை என்ன செய்வது என்ற அமைப்பைத் தாமே வெளிப்படையாக எழுதி வைப்பது நல்லது.