பல்கலைக்கழகப் பதக்க மறுப்பும் நீதிமன்ற மீளாய்வும்: வாழவந்தி நாட்டு மாணவர் நிலையிலிருந்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழகம் வழங்கும் தங்கப்பதக்கம், தரவரிசை, அறக்கட்டளைப் பரிசு ஆகியவை ஒரு மாணவருக்கு மறுக்கப்படும்போது, நீதிமன்றம் எந்த அளவிற்குத் தலையிடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. 1864ஆம் ஆண்டின் லண்டன் பல்கலைக்கழக வழக்கு முதல் 2023ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு ஒழுங்குமுறைகள் வரையிலான சட்ட வளர்ச்சி இங்கு நோக்கப்படுகிறது. நீதிமன்றம் மாணவரின் தகுதியை அளப்பதில்லை. அறிவிக்கப்பட்ட விதி பின்பற்றப்பட்டதா என்பதையே ஆராய்கிறது. ஆதலால் இவ்வழக்குகளில் வெற்றி தோல்வியை முடிவுசெய்பவை விதியின் சொற்களும் ஆவணமும் காலமுமே என்பது நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தங்கப்பதக்கம், நீதிமுறை மீளாய்வு, நீதிப்பேராணை, குறைதீர்ப்பு, கொல்லிமலை, மலையாளிப் பழங்குடியினர்.

முன்னுரை

பரிசில் என்பது கொடுப்போரின் விருப்பம் மட்டுமன்று. பெறுவோரின் தகுதியை அறிந்து ஏற்பதும் ஆகும் என்னும் கருத்து தமிழ் மரபில் பழமையானது. தன்னை நேரில் காணாமல் அதியமான் நெடுமான் அஞ்சி அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூற்றின் 208ஆம் பாடல் பதிவுசெய்கிறது. தகுதியை அறியாமல் தரப்படும் பெரும் பொருளைவிட, அறிந்து தரப்படும் சிறு பொருளே மேலானது என்பது அப்புலவரின் நிலைப்பாடு. இன்றைய பல்கலைக்கழகப் பதக்கத்திற்கும் இது பொருந்தும். பதக்கத்தின் உலோக மதிப்பு சிறிது. அது உணர்த்தும் ஏற்பே பெரிது.

புலவரின் காலத்துப் பரிசிலுக்கும் இன்றைய பதக்கத்திற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. மன்னனின் கொடைக்கு எழுதப்பட்ட விதி இல்லை. பல்கலைக்கழகப் பதக்கத்திற்கு உண்டு. விதி இருக்குமிடத்தில் அதனை மீறியமை குறித்துக் கேள்வி எழுப்பும் வாய்ப்பும் பிறக்கிறது.

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ளது. அம்மலையின் நாடுகளுள் ஒன்று வாழவந்தி நாடு. மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் இந்நாட்டிலிருந்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவர், காரவள்ளியிலிருந்து மேலேறும் 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையைக் கடந்தே சமவெளியின் கல்லூரிகளை அடைகின்றனர். நாமக்கல் மாவட்டம் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதன்மை அமர்வின் எல்லைக்குள் வருவதால், ஒரு நீதிப்பேராணை மனுவிற்கு அவர்கள் நாடவேண்டிய இடம் 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இத்தகைய மாணவர் ஒருவருக்குப் பதக்கம் மறுக்கப்பட்டால் சட்டம் அவருக்கு எதனைத் தருகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

பார்வையாளர் அதிகாரமும் 1864ஆம் ஆண்டு வழக்கும்

பதக்கம் குறித்த வழக்குகளுள் பழமையானவற்றில் ஒன்று ‘தாம்சன் எதிர் லண்டன் பல்கலைக்கழகம்’ என்பதாகும். சட்டத் தேர்வு ஒன்றின் தங்கப்பதக்கம் தொடர்பாக எழுந்த அவ்வழக்கு 1864இல் தீர்ப்பளிக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தின் உள் நிர்வாகம் சார்ந்த பூசல்கள் ‘விசிட்டர்’ எனப்பட்ட பார்வையாளரின் தனி அதிகாரத்திற்கு உட்பட்டவை. அவற்றை நீதிமன்றம் விசாரிக்க இயலாது என்று நீதிபதி கிண்டர்ஸ்லி முடிவுசெய்தார். பதக்கம் யாருக்குரியது என்னும் வினா அங்கு விடையின்றியே நின்றது. வினாவை எழுப்பும் இடம் நீதிமன்றம் அன்று என்பதே விடையாயிற்று.

இக்கோட்பாடு இங்கிலாந்தில் நெடுங்காலம் நிலைத்தது. பிரபுக்கள் அவை 1987இல் ‘தாமஸ் எதிர் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகம்’ வழக்கில் பார்வையாளரின் தனி அதிகாரத்தை மீண்டும் உறுதிசெய்தது. 2004ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டமே மாணவர் முறையீடுகளை அவ்வதிகாரத்திலிருந்து விடுவித்துத் தற்சார்புடைய குறைதீர்ப்பு அமைப்பிற்கு வழிவகுத்தது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டே நிறுவப்பட்டது. ஆயினும் விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் லண்டன் கோட்பாடு தொடரவில்லை. சட்டத்தால் உருவாக்கப்பட்ட பல்கலைக்கழகம் அரசமைப்பின் 12ஆம் உறுப்பின்படி ‘அரசு’ என்னும் வரையறைக்குள் வருகிறது. எனவே 14ஆம் உறுப்பின் சமத்துவ நெறி அதனைக் கட்டுப்படுத்துகிறது. 226ஆம் உறுப்பின்கீழ் உயர்நீதிமன்றம் அதன் ஆணைகளை ஆராயலாம். இந்திய மாணவருக்கு வாயில் திறந்துள்ளது. ஆனால் வாயிலுக்குள் அவர் எதனைக் கேட்கலாம் என்பதில் வரம்புகள் உள்ளன.

நீதிமன்றம் ஆராய்வதும் ஆராயாததும்

‘மைசூர்ப் பல்கலைக்கழகம் எதிர் கோவிந்த ராவ்’ வழக்கில், கல்வி வல்லுநர் குழுவின் கருத்தில் நீதிமன்றம் எளிதில் தலையிடலாகாது என்று உச்சநீதிமன்றம் 1963இல் கூறியது. விதிகளில் இடமில்லாதபோது மறுமதிப்பீட்டை உரிமையாகக் கோர இயலாது என்பது மகாராட்டிர மாநிலக் கல்வி வாரியத்தின் 1984ஆம் ஆண்டு வழக்கில் நிலைபெற்றது. ‘ரண் விஜய் சிங் எதிர் உத்தரப்பிரதேச அரசு’ வழக்கின் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு இந்நெறிகளைத் தொகுத்துரைத்தது. இத்தீர்ப்புகளை மட்டும் காண்போர், பதக்க வழக்கு தொடக்கத்திலேயே தோல்விக்குரியது என்று கருதக்கூடும். அக்கருத்து முழுமையானதன்று. பதக்க மறுப்பு ஒரே தன்மையுடையது அன்று. அதனை மூவகையாகப் பகுத்து நோக்குதல் வேண்டும்.

முதல்வகை, விதியைப் பொருள்கொள்வதில் எழும் மறுப்பு. எல்லாத் தாள்களிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றிருத்தல், குறித்த காலத்திற்குள் படிப்பை முடித்தல், மறுமதிப்பீட்டில் கூடிய மதிப்பெண்ணைத் தரவரிசைக்குக் கொள்ளாமை போன்ற நிபந்தனைகள் பல்கலைக்கழக விதிகளில் பரவலாகக் காணப்படுகின்றன. சான்றாக ஒரு கற்பனைச் சூழலைக் கொள்ளலாம். மழையால் மலைச்சாலை அடைபட்டு வாழவந்தி நாட்டு மாணவி ஒருவர் ஒரு தேர்வுக்கு வர இயலவில்லை. அடுத்த பருவத்தில் அத்தாளை எழுதி மிகுந்த மதிப்பெண் பெறுகிறார். ‘முதல் முயற்சி’ என்னும் தொடர் அவருக்குப் பொருந்துமா? தேர்வுக்கு வந்து எழுதுவதே முயற்சி எனில் பொருந்தும். தேர்வுக்குப் பதிவுசெய்தாலே முயற்சி எனில் பொருந்தாது. ‘அவ்வத் தாளுக்குரிய பருவத்திலேயே’ என்று விதி கூறுமாயின் அவர் வாதம் வலுவிழக்கும். இது மதிப்பெண்ணைப் பற்றிய வினா அன்று; சொற்பொருளைப் பற்றிய வினா. சொற்பொருள் காண்பது நீதிமன்றத்தின் இயல்பான பணி. ஆதலின் இவ்வகையில் தலையீட்டிற்கான இடம் அகலமானது.

விதியைப் பின்னர் மாற்றுவதும் இவ்வகையைச் சார்ந்ததே. தெரிவு தொடங்கிய பின் அதன் விதிகளை மாற்றலாகாது என்பதை ‘மஞ்சுசிறீ’ வழக்கில் உச்சநீதிமன்றம் 2008இல் கூறியது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு 2024 நவம்பரில் அதனை உறுதிசெய்தது. இவை பணிநியமனம் பற்றியவை எனினும், படிப்பின் நடுவே பதக்க நிபந்தனையை மாற்றுவதற்கு எதிரான வாதத்திற்கு அடிப்படையாக அமையத்தக்கவை.

இரண்டாம் வகை, மதிப்பெண் பிழையால் நேரும் மறுப்பு. கூட்டல் தவறு, விடைக்கு மதிப்பெண் இடாமை, தவறான விடைக்குறிப்பு ஆகியன இதில் அடங்கும். ‘கான்பூர் பல்கலைக்கழகம் எதிர் சமீர் குப்தா’ வழக்கின் 1983ஆம் ஆண்டுத் தீர்ப்பு இங்கு முதன்மையானது. விடைக்குறிப்பு சரியானது என்றே முதலில் கொள்ளப்படும். அது தவறு என்பது ஐயமின்றித் தெளிவாகப் புலப்பட்டால் அதன் சுமையை மாணவர் மேல் ஏற்றலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். நீண்ட விளக்கத்தின் வழியாகவே தவறு என நிறுவ வேண்டிய நிலை இருப்பின் நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ளும்.

மூன்றாம் வகை, தெரிவுக்குழுவின் விருப்புரிமையால் நேரும் மறுப்பு. சிறந்த ஆய்வேட்டிற்கான பரிசு, ஒட்டுமொத்தச் சிறப்பிற்கான பதக்கம் ஆகியன இதற்குச் சான்று. இங்கு நீதிமன்றத்தின் இடம் மிகக் குறுகியது. குழு முறைப்படி அமைந்ததா, உறுப்பினருக்குத் தன்னல முரண் இருந்ததா, தொடர்பற்ற காரணம் கருதப்பட்டதா என்பவற்றையே அது காணும். எது சிறந்த ஆய்வேடு என்று தீர்ப்புக் கூறாது. இங்கிலாந்தில் ‘சித்திக்கி எதிர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம்’ வழக்கு இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. கற்பித்தல் போதாமையால் தமக்கு முதல் வகுப்புக் கிட்டவில்லை என 2000இல் பட்டம் பெற்றவர் தொடுத்த இழப்பீட்டு வழக்கை உயர்நீதிமன்றம் 2018இல் தள்ளுபடி செய்தது. கற்பித்தலின் தரத்திற்கும் பெற்ற வகுப்பிற்கும் இடையே காரண காரியத் தொடர்பை நிறுவுவது எத்துணை அரிது என்பதை அது காட்டுகிறது.

பல்கலைக்கழகத்தின் முந்தைய செயலும் கருதத்தக்கது. ‘சிறீ கிருஷ்ணன் எதிர் குருட்சேத்திரப் பல்கலைக்கழகம்’ (1975), ‘சனாதன் கவுடா எதிர் பெர்காம்பூர் பல்கலைக்கழகம்’ (1990) ஆகிய இரண்டும் சட்ட மாணவர்கள் தொடுத்த வழக்குகள். ஆவணங்களைச் சரிபார்க்க வாய்ப்பிருந்தும் தேர்வெழுத அனுமதித்துவிட்டு, பின்னர்த் தகுதிக்குறையைக் காட்டி முடிவை மறுப்பது ஏற்கத்தக்கதன்று என்று இரண்டிலும் தீர்ப்பளிக்கப்பட்டது.

ஆவணமும் காலமும்

மேற்கண்ட வகைகளுள் எதுவாயினும் மாணவர் கையில் ஆவணம் இல்லையெனில் வாதம் நிற்காது. ‘மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய’ வழக்கின் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பு, மதிப்பிடப்பட்ட தம் விடைத்தாளைப் பார்வையிடவும் படி பெறவும் தேர்வருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உரிமை உண்டு என்றது. தேர்வாளரின் பெயர் வெளியிடப்படாது. அவ்வுரிமைக்குக் கால எல்லையும் உண்டு. விதிப்படி விடைத்தாள் பாதுகாக்கப்படும் காலம் வரையிலேயே அதனைக் கோர முடியும். தகவல் தர அலுவலருக்குச் சட்டம் தரும் காலம் 30 நாள். ஆகவே பதக்கப் பட்டியல் வெளிவந்த பின்பே விண்ணப்பிக்கலாம் எனக் காத்திருப்பவர் விடைத்தாளையே இழக்க நேரலாம்.

பல்கலைக்கழக மானியக்குழு 2023 ஏப்ரலில் வெளியிட்ட மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகள் நீதிமன்றத்திற்கு முந்தைய ஒரு படியைத் தருகின்றன. மாணவர் குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாளுக்குள் தன் அறிக்கையை அளிக்க வேண்டும். அதில் நிறைவுறாதவர் 15 நாளுக்குள் குறைகேள் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்; அவர் 30 நாளுக்குள் தீர்வு காண முயல வேண்டும். விடைத்தாள் மறுமதிப்பீட்டைப் பொதுவாகக் கோர இயலாது. முடிவைப் பாதிக்கும் குறிப்பிட்ட முறைகேடோ பாகுபாடோ சுட்டப்பட்டால் மட்டுமே அம்முறையீடு ஏற்கப்படும். குழுவில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோர் ஆகிய பிரிவுகளிலிருந்து ஒருவரேனும் இடம்பெற வேண்டும் என்பது மலைவாழ் மாணவர் அறிய வேண்டிய விதி.

நீதிப்பேராணை மனுவிற்குச் சட்டம் குறித்த கால வரம்பு இல்லை. ஆயினும் விளக்கமற்ற தாமதம் மனுவைத் தோற்கடிக்கும். பட்டமளிப்பு விழாவிற்கு முன் கட்டளையுறுத்தும் நீதிப்பேராணையைக் கோருவது ஒரு நிலை. விழா முடிந்து பதக்கம் மற்றொருவர் கைக்குச் சென்ற பின் கோருவது வேறு நிலை. பின்னதில் அப்பதக்கம் பெற்றவரையும் வழக்கில் தரப்பினராகச் சேர்த்து, அவர் தரப்பைக் கேட்க வேண்டும். தவறு செய்யாத ஒருவரிடமிருந்து பதக்கத்தைத் திரும்பப் பெறுமாறு ஆணையிட நீதிமன்றம் தயங்கும்.

சாதிச் சான்றிதழும் சட்ட உதவியும்

சில அறக்கட்டளைப் பதக்கங்கள் குறித்த பிரிவினருக்கென ஒதுக்கப்படும்போது சாதிச் சான்றிதழ் தகுதியின் பகுதியாகிறது. மலையாளிகள் தமிழ்நாட்டில் சில மாவட்டங்களில் மட்டுமே பழங்குடியினராகப் பட்டியலிடப்பட்டுள்ளனர். பட்டியலில் உள்ள சேலம் மாவட்டத்திலிருந்தே 1997இல் நாமக்கல் பிரிந்தது. தமிழ்நாட்டில் 1989 நவம்பர் 11 முதல் பழங்குடியினர் சான்றிதழை வழங்கும் அதிகாரம் வட்டாட்சியரிடமிருந்து வருவாய்க் கோட்டாட்சியருக்கு மாற்றப்பட்டது. அதற்கு முன் வட்டாட்சியர் வழங்கியவை செல்லும் என்பதை உச்சநீதிமன்றம் 1997இல் ‘கந்தசாமி’ வழக்கில் தெளிவுபடுத்தியது. பெற்றோரின் பழைய சான்றிதழைச் சான்றாகக் காட்டும் மாணவருக்கு இத்தீர்ப்பு பயன்படும்.

வழக்குச் செலவு குறித்த அச்சத்திற்கும் சட்டம் விடை தருகிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவசச் சட்ட உதவியை உரிமையாக்குகிறது. வருமான வரம்பு அவர்களுக்குத் தடையாகாது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழியாகவே உயர்நீதிமன்றச் சட்டப்பணிகள் குழுவை அணுகலாம் என்பதால், முதல் விண்ணப்பத்திற்குச் சென்னை செல்லவேண்டிய தேவையில்லை.

முடிவுரை

1864இல் பதக்க வழக்கிற்கு நீதிமன்ற வாயில் அடைபட்டிருந்தது; இன்று இந்தியாவில் அது திறந்துள்ளது. எனினும் அங்குக் கேட்கத்தக்க வினா ‘நான் சிறந்தவனா’ என்பதன்று. ‘அறிவித்த விதிப்படி நடந்தீர்களா’ என்பதே. இவ்வேறுபாட்டை உணராமல் தொடுக்கப்படும் மனு, உண்மைத் தகுதியுடையவரையும் தோற்கச் செய்யும்.

இதிலிருந்து கல்வி நிறுவனங்களுக்கு மூன்று கடமைகள் பெறப்படுகின்றன. பதக்க விதிகளைச் சேர்க்கையின்போதே தமிழில் வெளியிடுதல் வேண்டும். உத்தேசத் தரவரிசையை விழாவிற்குப் போதிய காலம் முன்பே அறிவித்து மறுப்புரை கேட்டல் வேண்டும். அதுவரை விடைத்தாள்களைப் பாதுகாத்தல் வேண்டும். வழிகாட்டும் பேராசிரியருக்கும் ஒரு பணி உண்டு. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்குப் பாடநூலோடு விதிநூலையும் அறிமுகப்படுத்துதல் வேண்டும். 15 நாள் என்னும் மேல்முறையீட்டுக் காலம் பல்கலைக்கழக நகரில் இருப்பவருக்கும் வாழவந்தி நாட்டில் இருப்பவருக்கும் எண்ணிக்கையில் ஒன்றே. அது தொடங்கிவிட்டது என்பதை அறிவதில் அவ்விருவரும் சமமாக இருத்தலே விதியின் முன் சமத்துவத்திற்கு முதற்படியாகும்.