பெரிய புத்தகத்துக்கு முன்னால் படிக்க ஒரு புத்தகம்

ஆந்திரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையிலான எல்லையை ஒட்டி, சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள ஸ்ரீ சிட்டி என்னும் தொழில் நகரத்தில், மத்திய அரசும் மாநில அரசும் தொழில் துறையும் கைகோத்து 2013இல் தொடங்கிய இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகம் இயங்கி வருகிறது. இத்தகைய கல்லூரிகளில் கணினி அறிவியல் படிக்க வருபவர்களை முதலில் மிரட்டும் பாடம் ‘டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் அண்ட் அல்காரிதம்ஸ்’, அதாவது தரவுக் கட்டமைப்புகளும் படிமுறைகளும். தொழிற்பேட்டைக் கிடங்கு ஒன்றில் சரக்குப் பெட்டிகளை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்பது தரவுக் கட்டமைப்பைச் சார்ந்த கேள்வி. அடுக்கியவற்றுள் வேண்டிய பெட்டியை எந்தெந்தப் படிகளில் தேடி எடுப்பது என்பது படிமுறையைச் சார்ந்தது. இரண்டும் சேர்ந்ததே நிரல் என்ற கருத்தை, கணினி அறிவியலாளர் நிக்லாஸ் விர்த் 1976இல் எழுதிய நூலின் தலைப்பையே ஒரு கூட்டல் கணக்காக அமைத்துச் சொன்னார்.

எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்கும் முதலாண்டு மாணவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை ‘கோர்மென்’ என்பதே. கோர்மென், லெய்சர்சன், ரிவெஸ்ட் ஆகிய மூவர் எழுதி 1990இல் வெளியிட்டு, பின்னர் ஸ்டெய்னும் சேர்ந்துகொண்ட ‘இன்ட்ரொடக்‌ஷன் டு அல்காரிதம்ஸ்’ நூலின் நான்காம் பதிப்பு 2022இல் வந்தது. அது ஏறத்தாழ 1,300 பக்கம் கொண்டது. தலைப்பில் ‘அறிமுகம்’ என்று இருந்தாலும், கணிதத் தொகுத்தறிதல் முறையில் நிறுவவும் தொடர்களின் கூட்டுத்தொகையைக் கையாளவும் பழகிய வாசகரையே அது எதிர்பார்க்கிறது. நிரல்களை எந்தக் கணினி மொழியிலும் எழுதாமல், மொழிச் சார்பற்ற போலிக் குறிமுறையில் தருகிறது. நூலின் தரத்தில் குறை ஏதும் இல்லை. அதை முதல் புத்தகமாகப் பரிந்துரைப்பதுதான் பொருந்தவில்லை. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை: அதே தாமஸ் கோர்மென், புதியவர்களுக்கென்று ‘அல்காரிதம்ஸ் அன்லாக்ட்’ என்ற தனி நூலை 2013இல் எழுதினார். அது பெரிய நூலில் ஆறில் ஒரு பங்கு அளவே இருக்கும்.

இந்திய வகுப்பறைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் மற்றொரு நூல், எல்லிஸ் ஹோரோவிட்ஸும் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த சர்தாஜ் சாஹ்னியும் 1976இல் எழுதிய ‘ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்’. அதன் சி மொழி வடிவத்தின் இந்தியப் பதிப்பை ஹைதராபாத்தின் யுனிவர்சிட்டீஸ் பிரஸ் வெளியிடுகிறது. சுருங்கச் சொல்லும் நூல் அது; ஆசிரியர் உடன் இருந்து விளக்கினால் நன்றாகப் பயன்படும், தனியாகப் படிப்பவரைச் சற்றே தவிக்க விடும்.

ஒரு நூல் தொடக்க நிலையினருக்கு ஏற்றதா என்பதை அட்டையோ பக்க எண்ணிக்கையோ சொல்லாது. இருமத் தேடலை, அதாவது பைனரி சர்ச்சை, அது விளக்கும் பக்கம் சொல்லிவிடும். ஏறுவரிசையில் அடுக்கிய 12, 19, 27, 35, 48, 56, 73 என்னும் ஏழு எண்களில் 73ஐத் தேடுவதாகக் கொண்டால், நடுவிலுள்ள 35ஐ முதலில் பார்த்து, அது சிறியது என்பதால் அதையும் இடப்பக்கத்தையும் ஒதுக்கிவிட்டு, மீதியின் நடுவான 56ஐப் பார்த்து, அடுத்ததாக 73ஐ அடையலாம். ஒவ்வொரு முறையும் பாதி கழிவதால், ஆயிரம் எண்கள் இருந்தாலும் பத்துப் பார்வைக்குள்ளும், பத்து லட்சம் இருந்தாலும் இருபது பார்வைக்குள்ளும் தேடல் முடிந்துவிடும். படிமுறையின் சிக்கல்தன்மை என்று நூல்கள் பெரிய சொல்லால் குறிப்பது, உள்ளீடு பெருகும்போது வேலை எவ்வளவு பெருகுகிறது என்னும் இந்தக் கணக்கைத்தான்.

நல்ல ஆசிரியர் இத்துடன் நிறுத்துவதில்லை. பார்த்து முடித்த நடு இடத்தை ஒதுக்காமல் அதையே புதிய தொடக்கமாக வைத்தால் என்ன ஆகும் என்பதையும் அவர் காட்டுவார்: தொடக்கம் 1இலிருந்து 4க்கும், 4இலிருந்து 5க்கும், பிறகு 6க்கும் நகரும், ஆறும் ஏழும் மட்டும் எஞ்சியவுடன் நடு இடம், பின்னத்தைத் தள்ளிவிட்டால், மறுபடியும் 6 என்றே வரும், நிரல் அங்கேயே முடிவின்றிச் சுற்றும். இந்தச் சிறு பிழை கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் உரியதல்ல. இருமத் தேடல் 1946இலேயே வெளியிடப்பட்டும், எல்லா அளவுப் பட்டியலுக்கும் சரியாக வேலை செய்யும் வடிவம் அச்சில் வரப் பத்தாண்டுக்கும் மேல் ஆனது. இரு எல்லைகளைக் கூட்டி இரண்டால் வகுக்கும்போது, கூட்டுத்தொகை 32 பிட் முழு எண்ணின் உச்சமான 2,147,483,647ஐத் தாண்டிவிடக்கூடும் என்ற ஓட்டை, ஜாவா மொழியின் நூலகத்திலேயே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கிடந்து, 2006இல்தான் பரவலாகத் தெரியவந்தது.

எந்தக் கணினி மொழியில் எழுதிய நூல் என்பதும் கவனிக்கத்தக்கது. பைத்தானில் முழு எண்களுக்கு அத்தகைய உச்சவரம்பு இல்லை. பட்டியல் என்பதும் மொழியோடு வந்துவிடுகிறது. ஆதலால் கருத்தை மட்டும் பிடித்துக்கொள்ள அது வசதியானது. ஆதித்ய பார்கவா படங்களுடன் எழுதிய ‘குரோக்கிங் அல்காரிதம்ஸ்’ இவ்வகையில் மிகவும் நட்பான நூல். ஆனால் லிங்க்டு லிஸ்ட் எனப்படும் இணைப்புப் பட்டியலில், ஒவ்வொரு கணுவும் அடுத்த கணுவின் நினைவக முகவரியைச் சுமந்து நிற்பதைக் கண்ணால் கண்டதுபோல் உணர வேண்டுமானால் சி மொழிக்கு ஈடில்லை. பைத்தானில் தொடங்கி, இணைப்புப் பட்டியல் வரும் இடத்தில் சி மொழிக்கு மாறுவதே பலருக்கும் ஒத்துவரும்.

தமிழ்வழியில் படித்து வருபவர்கள் கையிலேயே ஒரு முதல் நூல் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூல், தேடலையும் எளிய வரிசையாக்க முறைகளையும் சிக்கல்தன்மையையும் தமிழிலேயே அறிமுகம் செய்கிறது. இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. அதைத் தொடர்ந்து, சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் பைத்தானைக் கொண்டு நடத்தும் என்பிடெல் இணையவழிக் காணொளிப் பாடத்தைக் கேட்டவருக்குக் கோர்மென் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. வேலைக்கான நேர்காணலை முன்னிட்டுப் பலரும் வாங்கும் நரசிம்ம கருமஞ்சியின் ‘டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் அண்ட் அல்காரிதம்ஸ் மேட் ஈஸி’ நூலோ வினாக்களும் விடைகளும் நிறைந்த பயிற்சிக் களஞ்சியம். அடிப்படை தெரிந்தவருக்கு அது உரைகல்லாகும், தெரியாதவருக்கோ விடைகளை மனப்பாடம் செய்வதில் போய் முடியும்.

புதிய பதிப்புதான் வேண்டும் என்பதும் இல்லை. அடுக்கு, வரிசை, மரம் முதலிய அடிப்படைகள் அரை நூற்றாண்டாகப் பெரிதும் மாறாதவை என்பதால், முந்திய பதிப்பின் பழைய பிரதியே தொடக்கத்துக்குப் போதும். அப்படியொரு பிரதியைத் தேடி ஸ்ரீ சிட்டிக்குப் பக்கத்திலுள்ள தடாவில் ஏறினால், புறநகர் ரயில் சென்னையில் வந்து நிற்பது பெரும்பாலும் மூர் மார்க்கெட் வளாகம் என்னும் நிலையத்தில்தான். 1985இல் மூர் மார்க்கெட் என்ற பழைய சந்தை தீக்கிரையான பின் இடம் மாறிய பழைய புத்தகக் கடைகள் அதற்கு அருகிலேயே இருக்கின்றன. அங்கே ஒரு பிரதியை எடுத்து, இருமத் தேடல் பக்கத்தைப் புரட்டி, ஏழு எண்களை ஒரு தாளில் எழுதி, நூல் சொல்லும்படியே பென்சிலால் ஒவ்வொரு படியாக நகர்த்திப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். யாரையும் கேட்காமல் 73ஐ அடைய முடிந்தால் விலையைக் கேட்கலாம்.