புண்ணை ஆற்றும் சுடாத ஒளி!

லேசர் ஒளி இரும்பை அறுக்கும், வைரத்தையும் துளைக்கும். அதே லேசர் மெல்லியதாகப் பட்டால் புண்ணை ஆற்றவும் உதவுகிறது! இது தெரியவந்த கதை வேடிக்கையானது.

எலிக்கு முளைத்த முடி

1960-ம் ஆண்டில் மெய்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை உண்டாக்கினார்.

ஏழு ஆண்டுகள் சென்றன. ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற டாக்டர், லேசர் ஒளி உடலை என்ன செய்யும் என்று ஆராய்ந்தார். எலிகளின் முதுகு முடியை மழித்தார். சில எலிகள் மீது மட்டும் வலுக்குறைந்த லேசர் ஒளியைப் பாய்ச்சினார்.

என்ன ஆச்சரியம்! ஒளி பட்ட எலிகளுக்குச் சீக்கிரமே முடி முளைத்துவிட்டது!

பிறகு, ஆறாத புண்களால் அவதிப்பட்ட நோயாளிகளுக்கும் அவர் இந்த ஒளியைக் கொடுத்துப் பார்த்தார்.

எப்படி வேலை செய்கிறது?

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. பெரும்பாலான அணுக்களுக்குள் நுண்ணிய அடுப்புகள் போன்ற உறுப்புகள் உண்டு. நாம் சாப்பிடும் உணவிலிருந்து சக்தியை உண்டாக்குபவை இவையே. இவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர்.

சிவப்பு ஒளியையும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் இவை உறிஞ்சிக்கொள்கின்றன. அதனால் சக்தி அதிகம் உண்டாகிறது. புண் ஆறுவது விரைவாகிறது. வீக்கமும் குறைகிறது. இதுவே விஞ்ஞானிகள் கூறும் விளக்கம். இந்த ஒளி தோலைச் சுடுவதில்லை.

விழுங்க முடியாத வேதனை

புற்றுநோய்க்கு மருந்தும் கதிர்வீச்சும் பெறுவோரில் பலருக்கு வாயெல்லாம் புண்ணாகிவிடும். கஞ்சி கூட விழுங்க முடியாது. வேதனை தாங்காமல் சிகிச்சையை இடையில் நிறுத்த நேர்வதும் உண்டு.

இவர்களுக்கு வாயினுள் ஒவ்வோர் இடமாக, சிறிது நேரம் இந்த ஒளியைக் காட்டுகிறார்கள். புண் வராமல் தடுக்கவும், வந்த புண்ணின் வலி குறையவும் இது உதவுகிறது. சிகிச்சை முறைகளைச் சீர்தூக்கிப் பார்க்கும் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு, 2018-ம் ஆண்டில் இதை ஏற்றுக்கொண்டது.

அளவு முக்கியம்

ஒளியைக் கூட்டினால் பலனும் கூடும் என்று எண்ணக் கூடாது. அளவு மிஞ்சினால் பலன் குறைந்துவிடும். எல்லா நோய்க்கும் இது மருந்து அல்ல. புற்றுக்கட்டியின் மீது ஒளி படாமல் டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து. ஆகவே நோயாளி, டாக்டர் இருவருமே பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.

இரும்பை அறுக்கும் ஒளிதான். தேர்ந்த கையால் அளவோடு பட்டால், பட்டினி கிடந்த நோயாளியைக் கஞ்சி குடிக்க வைக்கிறது!